மூணாம் ஷெட் கோழிகளும் மூடியாச்சா அண்ணனும்

மூடியாச்சா அண்ணன் மட்டும் பிறக்காமல் இருந்திருந்தால் நாமக்கல் முட்டை கடல் தாண்டியே இருக்காது என்று நான் சொன்னால், கோழிகள் என்மேல் வழக்குப் போடும். போடட்டும். முட்டையிட்டது அவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது இன்ன பண்ணை முட்டை, இன்ன ஷெட்டில் இட்டது, நோய்நொடி இல்லாத கோழியுடையது என்று தேசம் தேசமாகப் போய்ச் சாட்சி சொன்ன காகிதம் அத்தனையும் அவர் செட் செய்து வைத்த சர்வீஸ் வழியாகத்தான் போயின.

பரமத்தி ரோட்டில் ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கோழிப்பண்ணைகளுக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிற சின்னக் கம்பெனி. வாடிக்கையாளர்களின் போனை எடுத்துச் சமாதானம் சொல்வது என் வேலை. பக்கத்து மேசை அவருடையது. அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வந்து தலைகாட்டிவிட்டுப் போய்விடும். மற்ற நாளெல்லாம் அவர் மூடியாச்சாதான்.

அந்தப் பெயர் வந்த கதை இது. எக்ஸ்எம்எல் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. எந்த விவரத்தை எழுதினாலும் அதற்கு முன்னால் ஒரு குறி போட்டுத் திறக்க வேண்டும், எழுதி முடித்ததும் இன்னொரு குறி போட்டு மூட வேண்டும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். மற்றவர்கள் இந்தக் கட்டுப்பாட்டை ஆபீசிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் அதைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

யாராவது அவர் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் போதும், சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "மூடியாச்சுங்களா?" என்பார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் கதவைப் பற்றிக் கேட்பார். பாதிக் கதையில் எழுந்து போனவர்களை வாசல் வரை துரத்திப் போய், "அந்த மாப்பிள்ளை கடைசில தாலி கட்டுனானுங்களா இல்லீங்களா?" என்று கேட்டு முடித்துக்கொண்டுதான் திரும்புவார்.

பேச்சிலும் அதே வரிசைதான். ஒரு நாள் முதலாளி மூச்சு விடாமல் மூன்று கேள்வி கேட்டார். "கரூர் பார்ட்டி வேலை முடிஞ்சுதுங்களா, லீவு எப்ப வேணும், டீ சொல்லட்டுங்களா?"

அண்ணன் பதில் சொன்னார். "சொல்லுங்க. தை மாசமுங்க. முடிஞ்சுதுங்க."

அவர் வீட்டில் சண்டையே நீடிக்காது என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா ஏழெட்டுக் குற்றச்சாட்டை வரிசையாகத் திறந்து வைப்பார். இவர் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவார். முதல் குற்றச்சாட்டுக்கு வந்து சேரும்போது, அது என்ன என்பது அந்த அம்மாவுக்கே மறந்துபோயிருக்கும்.

இதில் பெரிய பாடு வாடிக்கையாளர்களுக்குத்தான். ஒருவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்தால், கடைசியாக வந்தவர் வேலையைத்தான் அண்ணன் முதலில் முடிப்பார். இது தெரிந்த பண்ணைக்காரர்கள் மாடி ஏறவே மாட்டார்கள். கீழே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க மொதல்ல போங்க", "பரவால்லீங்க, நீங்க போங்க" என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருப்பார்கள். புதிதாக வந்தவர்கள் இந்த ஊர் மனிதர்களின் பண்பைப் பார்த்துக் கண்கலங்கிப் போவார்கள்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு நிகர் அவர்தான். பண்ணையிலிருந்து வரும் விவரம் ஒன்றேதான். அதை ஒரு நாட்டுக்காரர் ஒரு மாதிரி கேட்பார், இன்னொரு நாட்டுக்காரர் வேறு மாதிரி கேட்பார். எந்த விவரம் தாளில் எங்கே, எப்படி வர வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல்ஷீட் ஒன்றை ஒவ்வொருவருக்கும் எழுதி, எந்தக் காகிதத்துக்கு எது என்று சர்வீஸ் என்கிற, எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குச் சொல்லி வைக்க வேண்டும். விவரம் உள்ளே போனால் கேட்ட வடிவத்தில் வெளியே வந்து, நேராக வாங்குகிறவருக்கே மெயிலில் போய்விடும். இதைப் பண்ணைக்காரர்களுக்கு அவர் ஒரே வரியில் புரியவைத்துவிடுவார். "ஒடம்பு ஒண்ணுதானுங்க. போற எடத்துக்குத் தக்கன சட்டை மாத்தி உடறனுங்க."

சர்வீஸில் எதை மாற்றினாலும் முதலில் வெறும் காகிதம் ஒன்றை உள்ளே அனுப்புவார். விவரமே இல்லாத காகிதம். "ஒண்ணுமே குடுக்காதப்ப இது என்ன பேசுதுன்னு பாக்கோணும் அம்மிணி. அப்பத்தான் இதும்பட குணம் தெரியும்" என்பார். சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஓட்டுவதற்கு முன்னால் எல்லாப் பண்ணைக்கும் என்னைப் போன் செய்யச் சொல்வார், ரெண்டு நிமிடம் கணக்கு ஏற்ற வேண்டாம் என்று சொல்வதற்காக. ஒரு பண்ணைக்காரர், "கோழிகிட்டயும் சொல்லிப் பாக்கறனுங்க, கேக்குமான்னு தெரியல" என்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தங்கமணி அக்கா வந்தார். ஜேடர்பாளையம் பக்கம் ஆற்றோரமாகச் சின்னப் பண்ணை. கணவர் இறந்தபிறகு தனியாக நடத்திக்கொண்டிருந்தார். ஒரு வருடம் முழுக்க விலை படுத்துக்கிடந்ததில் அக்கா ஒடிந்துபோயிருந்தார். பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் வளைகுடாவிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. "இந்த லோடு போச்சுன்னா பண்ணை நிக்குது சாமி. இல்லாட்டி கோழிகளைக் கறிக்குப் புடிச்சுக் குடுத்துட்டு ஷெட்டை அவருக்கே உட்டுர்றேன்" என்று எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். அண்ணன் அந்த வாங்குகிறவருக்காகப் புது ஸ்டைல்ஷீட் எழுதினார். வெறும் காகிதம் அனுப்பிப் பார்த்தார். பெரிய பண்ணைகளின் பழைய விவரம் அனுப்பிப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக வந்தது.

லோடு துறைமுகத்துக்குப் போன வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு ஒரு போன் வந்தது. வாங்குகிறவரின் குடோனில் வேலை பார்க்கும் செல்வராஜ் என்ற பையன்.

"அக்கா, எனக்கு ஊரு வாழப்பாடி. உங்க பேப்பர் வந்திருக்குது. எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குது, நடுவுல மட்டும் கோழி கோவமா இருக்குதுன்னு தமிழ்ல போட்டிருக்குது. எங்க முதலாளி இது என்னன்னு கேப்பாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தோம். கோழிகளுக்கு நோய் எதுவும் இல்லை என்ற வரிக்கு நேர் கீழே அழகான தமிழில் அச்சாகியிருந்தது: 'மூணாம் ஷெட்டுக் கோழிக சரியாத் திங்கறதில்ல. கிட்டப் போனா மொறைக்குதுக. என்ன கோவமோ.'

பண்ணை சாஃப்ட்வேரில் ஒவ்வொரு ஷெட்டுக்கும் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. பெரிய பண்ணை மேனேஜர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. அக்கா மட்டும் மனதில் தோன்றியதையெல்லாம் அதில் எழுதியிருக்கிறார். ஸ்டைல்ஷீட்டுக்கு ஒரு பிறவிக் குணம் இருக்கிறது. ஒரு விவரத்தைப் பற்றி நாம் எதுவும் சொல்லாமல் விட்டால் அதுவும் சும்மா விட்டுவிடாது. உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே கொண்டுபோய்த் தாளில் கொட்டிவிடும். இதைச் சொல்லாதே என்று தனியாகச் சொன்னால்தான் பேசாமல் இருக்கும்.

கோழி தின்னவில்லை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், எந்த நாட்டுக்காரரும் நோய் என்றுதான் நினைப்பார். வாங்குகிறவர் சம்மதம் சொல்லாமல் கன்டெய்னர் கப்பல் ஏறாது. அன்று சாயங்காலம் கப்பல். "முதலாளி தொழுகைக்குப் போயிருக்காரு. சாப்பிட்டுப் படுத்து எந்திரிச்சுத்தான் வருவாரு. அது வரைக்கும் நான் தாங்குறேன்" என்றான் செல்வராஜ்.

அண்ணன் எழுந்து நின்று, "என்ற தப்புங்க. குறிப்புக்கு ரூல் எழுதாம உட்டுட்டேன்" என்று எங்கள் முதலாளியிடம் சொன்னார். உட்கார்ந்து ஒரு வரி எழுதினார். குறிப்பைக் கண்டால் பேசாதே என்கிற வரி, அவ்வளவுதான்.

"அப்பாடா. திரும்ப அனுப்புங்க" என்றார் முதலாளி.

அண்ணன் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். "கோழி திங்குதுங்களா?"

"என்னையக் கேட்டா எனக்கு எப்படிங்க தெரியும்?"

"திங்காத கோழிய வெச்சுக்கிட்டு எழுத்தை மட்டும் எடுத்துட்டு அனுப்புனா, அது சட்டை மாத்தறது இல்லீங்க. சீக்கை மறைக்கறது."

முதலாளி தலையில் கை வைத்தார். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் வெடித்தார். "என்ற கோழிய நான் திட்டறேன். அதையப் போயி அரபு நாட்டுல ஒக்காந்து படிக்கறாங்களா? அது வெயில் நாள்ல எழுதுனது சாமி. இப்ப நல்லாத் திங்குதுக."

அண்ணன் போனை வாங்கினார். "நம்பறனுங்கக்கா. ஆனா ஒருக்கா பாத்துட்டு அனுப்பறனுங்க. வாரேன்."

அவருக்கு வண்டி ஓட்ட வராது. என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார். லேப்டாப்பை மூடிப் பையில் வைக்கச் சொன்னேன். வேலையைத் திறந்தாகிவிட்டது, முடிக்காமல் மூட முடியாது என்று சொல்லிவிட்டார். நாமக்கல்லிலிருந்து ஜேடர்பாளையம் வரை ஒரு மனிதர் திறந்த லேப்டாப்பை மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் போன காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். பரமத்தி வேலூர் தாண்டி வாழைத்தோட்டத்துக்கு நடுவே போகும்போது, மேடு வரும்போதெல்லாம் காதருகே, "மெதுவா அம்மிணி, தெறந்திருக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்கா கேட்டிலேயே நின்றிருந்தார். நேராக மூணாம் ஷெட்டுக்குக் கூட்டிப் போனார். அண்ணன் ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒவ்வொரு கூண்டாக நின்று பார்த்தார். எல்லாம் தொட்டிக்குள் தலையை விட்டுக் கொத்திக்கொண்டிருந்தன. ஒரு கோழி மட்டும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

"திங்குதுக. மொறைக்கவும் செய்யுதுங்கக்கா."

"அது அதும்பட பொறவி சாமி."

அதை வீடியோ எடுத்துக்கொண்டார். தீவன மூட்டைமேல் உட்கார்ந்து என் போனிலிருந்து நெட் வாங்கினார். அந்த நேரத்திலும் முதலில் வெறும் காகிதத்தைத்தான் அனுப்பினார். நான் வாயைக் கட்டிக்கொண்டேன். அக்காவால் முடியவில்லை. "வெத்துக் காயிதமா சாமி? கப்பல் நிக்குமா?" என்றார். அண்ணன் நிமிரவே இல்லை. வெறும் காகிதம் ஒழுங்காக வந்தபிறகு உண்மைக் காகிதம் போனது. செல்வராஜ் உடனே கூப்பிட்டான். "வந்துருச்சுண்ணா, சுத்தமா இருக்குது. பழசை அழிச்சுடட்டுமா?"

"அழிக்காதீங்க தம்பி. ரெண்டையும் காட்டுங்க. பண்ணைக்காரம்மா முன்ன ஒரு நாள் எழுதுனது, தப்பிப்போய் அச்சாயிருச்சுன்னு சொல்லுங்க. ஷெட்டை நாங்க நேர்ல பாத்தாச்சுன்னு சொல்லி வீடியோவையும் காட்டுங்க."

அக்கா முகம் செத்துப்போய்விட்டது. எனக்கு அண்ணன்மேல் கோபம் கோபமாக வந்தது. கரையேறிய பிறகு மறுபடி ஆற்றில் இறங்குகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோழிகள்தான் பேசிக்கொண்டிருந்தன.

போன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, முதலாளி ரெண்டையும் பாத்தாரு. நான் படிச்சுப் படிச்சு அர்த்தம் சொன்னேன். வீடியோவைத் திரும்பப் போடச் சொன்னாரு. அந்த மொறைக்கற கோழிய நிறுத்திக் காட்டச் சொன்னாரு. அவங்க வீட்லயும் கோழி இருந்துச்சாம், அதுவும் இப்படித்தான் மொறைக்குமாம். கோழியப் போய்ப் பாத்துட்டுப் பேப்பர் அனுப்பறவங்ககிட்டயே தொடர்ந்து வாங்கலாம்னு சொல்லிட்டாரு. லோடு ஏத்தச் சொல்லுங்க."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணனுக்கு அழுகிறவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாது. லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் முதலாளி ஒரு முடிவோடு வந்தார். "அந்தக் குறிப்புக் கட்டத்தையே தூக்கிருங்க. யாருக்கும் பிரயோசனமில்லை. வம்புதான்."

அண்ணன் முதலாளியிடம் வேண்டாம் என்று சொல்கிறவர் அல்ல. அன்று சொன்னார். "வேண்டாமுங்க. அந்தக்கா தனியா இருக்குது. மகன் வெளிநாட்டுல. பேச ஆளில்லாமத்தான் அங்க எழுதுது. இனிமேப்பட்டு அது காயிதத்துல வராதுங்க. எழுதட்டும், நான் படிச்சுக்கறேன். யாராச்சும் படிக்கோணுமல்லங்க."

முதலாளி, "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அண்ணன் காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் படிப்பார். படித்துத் தனியாகச் சிரித்துக்கொள்வார். சில நாள் போனை எடுத்து, "ஏனுங்கக்கா, மோட்டார் ரிப்பேர்னு எழுதியிருந்தீங்களே, ஆள் வந்தானுங்களா?" என்று கேட்பார்.

நான் அந்த வேலையை விட்டுக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். கெட்டிக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். அவரைப் போல ஒருவரை இன்னும் பார்க்கவில்லை. அந்த முதலாளிமேல் எனக்குக் குறை நிறைய உண்டு. ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னவர் அவர்தான், அதனால் எல்லாவற்றையும் என்றோ மன்னித்துவிட்டேன்.