கோச் டேலுக்கு விழவேண்டிய வாளி

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி, ஒரு பொன்னாடை, கோச் டேல். எனக்குத் தரப்பட்ட வேலை இவ்வளவுதான்.

தந்தவர் இங்கே சுவிஸில், ஓஸ்டர்முண்டிகன் ஊரில் இருக்கும் தவம். அவருடைய மகன் நிரோஷ் அமெரிக்கன் புட்போல் விளையாடுகிறான். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அந்தப் புட்போல். அன்று இறுதியாட்டம். அவர்களுடைய பயிற்சியாளர் கோச் டேலுக்கு அதோடு ஓய்வு.

"அண்ணை, நீங்கள் பேப்பரிலை இருந்தனீங்கள். ரெண்டு வார்த்தை கதைச்சு, பொன்னாடையைப் போத்திவிடுங்கோ."

"ரெண்டு வார்த்தைதானே? வாறன்."

ஆட்டத்துக்கு முன்பே கோச்சைப் பேட்டி கண்டேன். பழக்கதோஷம்! அமெரிக்காவில், வரைபடத்தில் தேடவேண்டிய ஒரு சின்னக் கல்லூரியில் முப்பது வருடம் பயிற்சி கொடுத்தவர். பிறகு சுவிஸ்காரி மனைவியோடு இங்கே வந்து, சும்மா இருக்கத் தெரியாமல் இந்த அணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏதும் மனக்குறை?"

"ஒன்றுதான்," என்றார் ஆங்கிலத்தில். "இறுதியாட்டம் வென்றால் பையன்கள் பின்னால் பதுங்கிவந்து கோச்சின் தலையில் ஐஸ் தண்ணீரை வாளியோடு கவிழ்ப்பார்கள். எங்கள் வழக்கம். நான் ஒரு இறுதியாட்டமும் வென்றதில்லை."

"சளி, தடிமன் பிடிக்காதோ?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பேட்டி முடிந்தது.

வென்றார்கள்! தவம் என்னைக் கட்டிப்பிடித்தார். பொன்னாடையோடு மைதானத்துக்குள் இறங்கினேன்.

என்னுடைய இரண்டு வார்த்தை கோச்சின் கல்லூரிக் காலத்தைத் தாண்டியபோது தவம் போனை உயர்த்திப் பிடித்தபடி, "அண்ணை, சுருக்குங்கோ!" என்றார்.

கோச் கண்ணை மூடிப் புன்னகையோடு நின்றார். என் பேச்சில் உருகிவிட்டார் என்று நினைத்து இன்னும் நீட்டினேன். மனிதருக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டிருக்கிறது.

பொன்னாடையைப் போர்த்தினேன்.

"கோச்சின்ரை முகத்திலை வெளிச்சம் இல்லை. இஞ்சாலை இழுங்கோ!" தவம் கத்தினார்.

பொன்னாடையின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். கோச் இந்தப் பக்கம் வந்தார். அவர் நின்ற இடத்துக்கு நான் போனேன்.

"ஐயோ, அங்கிள்!" நிரோஷின் குரல்.

வீசிய வாளி நிற்குமோ? முழுவதும் என் தலையில்!

கோச் கண்ணைத் திறந்தார். அவர்மேல் ஒரு சொட்டும் இல்லை. தன் காய்ந்த சட்டையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னொரு வாளி கொண்டு ஓடிவாங்கோடா!" என்றார் தவம்.

கோச் கையசைத்துத் தடுத்தார். "வேண்டாம். அது கேட்டு வாங்குகிற தண்ணீர் இல்லை."

அருமையான வரி. குறித்துக்கொள்ளப் பேனா தேடினால் சட்டைப் பைக்குள் ஐஸ்.

பல்லு கிடுகிடுக்க நின்ற என்னைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்தது. தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து எனக்குப் போர்த்தினார். தவம் அதைத்தான் படம் எடுத்தார். வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது.

அப்படியே பொன்னாடையோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆருக்குப் பாராட்டு விழா எண்டு சொல்லிப் போனனீங்கள்?"

ஓகஸ்ட் இருபதாம் திகதி, கோச் டேல் ஓய்வைத் தள்ளிவைத்து, அதே அணிக்கு இன்னும் ஒரு வருடம் பயிற்சி கொடுக்கக் கையெழுத்திட்டார்.