இந்த இடது கை யாருடையது?

நாலாம் வகுப்போடு நின்றவனால் என்னென்ன கட்ட முடியும் என்று சந்தேகப்படுபவர்கள் திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வந்து பார்க்கலாம். ஆற்றோரத்தில், மூக்கைப் பொத்தாமல் யாரும் கடக்க முடியாத ஒரு பள்ளத்தை மண்ணடித்து மேடாக்கி, அதில் சமையல்கூடம் கட்டினேன். "அண்ணாச்சி, வெள்ளம் வந்தா அண்டா எல்லாம் கடலுக்குப் போயிரும்" என்று சொல்லாத ஆளில்லை. வெள்ளம் வந்தது. இரண்டு அண்டா போனது. கூடம் நிற்கிறது. பிறகு மாடி வீடு கட்டினேன். (கட்டி முடித்த பிறகுதான் மாடிப்படி வைக்க மறந்தது தெரிந்தது. படியை வெளியே ஒட்ட வைத்தோம். அதையும் நான்தான் கட்டினேன்.) நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்து, சாலைக் கடைத்தெரு ஓட்டலில் எச்சில் இலை எடுத்தவன், இன்று திருவனந்தபுரத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு இலை போடுகிறவன். மீதிப் பாதிக் கல்யாணங்களில் சாப்பாடு சரியில்லை என்று கேள்வி.

இத்தனையும் கட்டியவனால் ஓர் அரைமணி நேரம் இடப்பக்கம் திரும்பாமல் படுத்திருக்க முடியவில்லை. அதுதான் கதை.

என் மருமகள் கோமதி மூளை நரம்பு டாக்டர். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஒரு பயிற்சி ஏற்பாடு செய்திருந்தாள். பக்கவாதம் வந்த ஆள் வாசலுக்கு வந்து சேர்ந்ததும் யார் எதைச் செய்ய வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும், ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடலாமா கூடாதா, எல்லாவற்றையும் செய்து பழகும் பயிற்சி. எனக்கு அவள் விளக்கிச் சொன்னபோது நான் உடனே பிடித்துக்கொண்டேன். மூளைக்குப் போகிற குழாய் அடைத்துக்கொண்டால், அது அடுப்பில் விட்ட பாயசம் மாதிரி. அடிப்பிடிப்பதற்குள் இறக்கிவிட வேண்டும். அப்புறம் என்ன கிண்டினாலும் பயனில்லை. "கிட்டத்தட்ட அதுதான் மாமா" என்றாள். (கிட்டத்தட்ட என்ன, அதுவேதான்.)

கோமதிக்கு அன்றைய நாள் சாதாரண நாள் இல்லை. கோட்டயத்திலிருந்து ஏலியாம்மா மேடம் என்று ஒரு மூத்த டாக்டர் வந்திருந்தார். அவர் பார்த்துச் சரி என்றால்தான் இந்தப் பயிற்சி வருஷாவருஷம் இங்கேயே நடக்கும். இல்லையென்றால் கொச்சிக்குப் போய்விடும். இதற்காகக் கோமதி பல மாதமாகத் தூக்கத்தை விட்டிருந்தாள்.

மதியச் சாப்பாடு என் பொறுப்பு. "பஃபே போதும் மாமா, எல்லாரும் அவசரமா சாப்பிட்டுட்டு வருவாங்க" என்றாள். "கோட்டயத்து அம்மாவுக்குத் தட்டைக் கையில குடுத்து வரிசையில நிக்கச் சொல்லுவேனா? இலைதான்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

காலையில் அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தபோது கோமதி போனைக் காதில் வைத்தபடி வராந்தாவில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள். நோயாளியாக நடிக்க ஏற்பாடு செய்திருந்த நாடகக்காரருக்குக் காய்ச்சலாம்.

"பொம்மை இருக்கே மக்கா?" என்றேன். ஊசி போட்டுப் பழக ஒரு ரப்பர் பொம்மையை நான் பார்த்திருந்தேன்.

"பொம்மைக்கு வாய் கோணாது மாமா. கேள்வி கேட்டா பதில் சொல்லாது."

"நான் எதுக்கு இருக்கேன்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் ஊர்க் கோயில் கொடைவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவன் என்பதை நினைவுபடுத்தினேன். செத்து விழுந்த பிறகும் கைதட்டல் கேட்டு எழுந்து கும்பிட்டதை மட்டும் சொல்லவில்லை.

"மாமா, உங்களால அரைமணி நேரம் சும்மா கெடக்க முடியுமா?"

"கெடக்கதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்?"

வேறு ஆள் கிடைக்காத கொடுமையில் ஒப்புக்கொண்டாள். சட்டையையும் வேட்டியையும் வாங்கிக்கொண்டு ஒரு பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். முன்பக்கம் கழுத்து வரை கௌரவமாக இருக்கும். பின்பக்கம் இரண்டு நாடா மட்டும். உள்ளே நான் போட்டிருந்தது கோடு போட்ட டவுசர். மல்லாந்து படுக்கிறவனுக்குப் பின்பக்கத்தைப் பற்றி என்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

கோமதி பாடம் சொன்னாள். "மூளையோட வலப்பக்கம் அடைப்பு. அதனால இடது கை, இடது கால் விழுந்துட்டு. இடப்பக்கம் வாய் கோணும், பேச்சு குழறும். முக்கியமானது ஒண்ணு மாமா. உங்களுக்கு இடப்பக்கம்னு ஒண்ணே உலகத்துல கிடையாது. அங்க யாரு நின்னாலும் தெரியாது, கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. கண்ணு வலப்பக்கமே இருக்கணும். இதைக் கண்டுபிடிக்கிறாங்களான்னுதான் பரீட்சை."

"அப்படியும் ஒரு வியாதியா?"

"இடது கையைக் காட்டினா அது தன்னோடது இல்லன்னு சொல்றவங்களே உண்டு."

ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தபோது மல்லிகா என்ற நர்ஸ் வந்து வணக்கம் சொன்னாள். எனக்கு வைத்தியம் பார்க்கப்போகும் குழுவுக்கு அவள்தான் தலைவி. போனக்காடு எஸ்டேட்டுக்காரி. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. கையிலிருந்த டார்ச் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கா தாயி?"

"ஆமாங்கய்யா. எங்கப்பாவுக்கு வாய் கோணினப்ப காத்து அடிச்சிருச்சுன்னு நெனச்சு, விடியட்டும்னு விட்டுட்டோம். விடிஞ்சு பஸ் வந்து, இறங்கி வந்து சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்பவும் அவரு படுக்கைதான். இந்தப் பயிற்சி இங்க நடந்தாதான் எங்க பக்கத்து ஆளுங்க வந்து படிக்க முடியும். கொச்சின்னா யாரு அனுப்புவா?"

இந்தப் பிள்ளைக்காக நான் இடப்பக்கத்தையே துறந்துவிடுவது என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

மணி அடித்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வலப்பக்கச் சுவரோரம் ஏலியாம்மா மேடம் கைகட்டி நின்றார். என் மகளாக நடிக்கும் கோமதி தலைமாட்டில் நின்றாள்.

மல்லிகா ஓடிவந்தாள். "ஐயா, உங்க பேரு என்ன?"

பேரை மட்டும் குழறிச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நான் பேரைச் சொன்னேன். தொழிலைச் சொன்னேன். சமையல்கூடம் எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்பதையும் குழறியே சொல்லிவிட்டேன். கோமதி குனிந்து தலையணையைச் சரி செய்வதுபோல, "மாமா, போதும்" என்றாள்.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

இரண்டையும் தூக்கிவிட்டேன். (பழக்கதோஷம்.) உடனே சுதாரித்து ஒன்றைத் தொப்பென்று போட்டேன். அது வலது. கோமதியின் மூச்சு என் நெற்றியில் அனலாக விழுந்தது. மெதுவாக வலதைத் தூக்கி இடதைப் போட்டேன். ஏலியாம்மா மேடம் இருமினார். அது இருமல்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

மல்லிகா அசரவில்லை. எப்போது வரை நன்றாக இருந்தார் என்று கோமதியிடம் கேட்டாள். சர்க்கரை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். ஸ்கேன் அறை என்று எழுதி ஒட்டிய மேஜைக்குக் கீழே என்னைத் தள்ளி வெளியே எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, அடைப்புத்தான் என்று படம் வந்தது. பிறகு என் இடது கையைத் தூக்கி வலப்பக்கம் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"ஐயா, இது யாரோட கை?"

நான் அந்தக் கையைப் பார்த்தேன். எத்தனை அண்டா கிண்டிய கை. பாலடைப் பிரதமன் பாயசம் கொதித்துத் தெறித்த தழும்பு மணிக்கட்டில் இருக்கிறது. இதை எனக்குத் தெரியாது என்று சொல்வதா? போனக்காட்டை நினைத்துக்கொண்டேன்.

"யாரோடதோ" என்றேன்.

ஏலியாம்மா மேடம் தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார். அப்படி ஒரு நடிப்பு. அங்கேயே திரை போட்டிருந்தால் நான் இன்று தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருப்பேன்.

மருந்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் சலைன் குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். கண்ணை வலப்பக்கமே வைத்திருந்து கழுத்து வலித்தது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, கண்ணை இடப்பக்கம் விட்டேன்.

இடப்பக்கம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கூடம். என் பரிமாறும் ஆள் சுகு இலை போட்டுக்கொண்டிருந்தான். உட்காருகிறவருக்கு நுனி இடப்பக்கம் வர வேண்டும். உப்பும் ஊறுகாயும் அங்கேதான் தொடங்கும். என் தொழிலில் அதுதான் அகரம். பாவிப்பயல் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, தன் இடப்பக்கத்துக்கு நுனி வைத்துப் போட்டுக்கொண்டே போகிறான். ஏலியாம்மா மேடத்துக்கு என்று பூ வைத்திருந்த தலைமை இருக்கை முதல் கடைசி நாற்காலி வரை அத்தனை இலையும் தலைகீழ்!

கண்ணை மூடினேன். இடப்பக்கம் என்று ஒன்று கிடையாது என்று சொல்லிக்கொண்டேன். போனக்காடு, போனக்காடு என்று சொல்லிக்கொண்டேன். கண்ணைத் திறந்தேன். சுகு தலைமை இலையில் உப்பு வைக்கக் கையை ஓங்கியிருந்தான்.

"லேய் சுகு!"

அப்புறம் எனக்கு நினைவிருப்பது, நான் ஓடிக்கொண்டிருந்தேன் என்பதுதான். சலைன் கம்பம் சக்கரத்தில் கடகடவென்று கூடவே வந்தது. பின்பக்கம் நாடா இரண்டும் அவிழ்ந்து பறந்தன. பல ஜில்லா டாக்டர்கள் என் கோடு போட்ட டவுசரைக் கண்டார்கள்.

"நுனி எங்கலே கெடக்கு? கருமாதிக்கா இலை போடுக?"

"அய்யோ அண்ணாச்சி! ஞான் அந்தப் பக்கம் நின்னு இட்டதல்லே!" சுகு உப்புக் கிண்ணத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டான். "அண்ணாச்சிக்கு சுகமில்லன்னு பறஞ்சாங்களே?"

"எனக்கு ஒண்ணுமில்ல, உன் கண்ணுக்குத்தாம்ல சுகமில்ல!"

இலைகளை அள்ளித் திருப்பிப் போட ஆரம்பித்தேன். அப்போதுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மல்லிகா, டார்ச் லைட்டும் கையுமாக, மூச்சிரைக்க என்னைத் துரத்திக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் மொத்தக் குழுவும்.

"மருந்தை நிறுத்துங்க! ஏத்தாதீங்க!" என்று பின்னால் பார்த்துக் கத்திவிட்டு என்னிடம், "ஐயா, ரெண்டு கையையும் நீட்டுங்க!"

"இலை இருக்கு தாயி கையில!"

"எந்தக் கையில?"

"ரெண்டுலயும்தான்!"

"இடது கையில முழு பலம்" என்று பக்கத்தில் எழுதுகிறவனிடம் சொன்னாள். "பேச்சு தெளிவு. நடை... ஓட்டம் நல்லா இருக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோமதி நெற்றியில் கைவைத்து நின்றாள். அவளுடைய பல மாதத் தூக்கத்தை நான் ஓர் இலைக்காக விற்றுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கம்பத்தை உருட்டிக்கொண்டு திரும்பிப் போனேன். ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்து, நல்ல பிள்ளையாக வாயைக் கோணினேன்.

"மாமா, அது வலப்பக்கம்" என்றாள் கோமதி. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

ஏலியாம்மா மேடம் அருகில் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மல்லிகாவிடம், "இனி எந்து செய்யும்? ஊசி கொடுக்குமோ, இல்லையோ?" என்று கேட்டார்.

எல்லோரும் மல்லிகாவைப் பார்த்தார்கள். டார்ச் லைட்டை அணைத்துப் பையில் வைத்தாள். "வேண்டாம் மேடம். கை, கால், பேச்சு எல்லாம் முழுசா திரும்பிருச்சு. இப்ப அந்த ஊசியில நன்மையவிட ஆபத்து அதிகம். ஆனா வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மறுபடி வரலாம். பக்கத்துலயே வச்சுப் பாக்கணும்."

"கை பரிசோதிச்சது எங்கே வச்சு?"

"சாப்பாட்டு ரூம்ல மேடம். பேஷண்ட் அங்கதான் இருந்தாரு."

ஏலியாம்மா மேடம் கோமதியிடம் திரும்பினார். "நல்ல கேஸ். எனக்குத் தந்த பேப்பர்ல இது இல்லையே. நீ பிளான் செய்ததா?"

பொய் சொல்லியிருந்தால் அவளுக்கு அன்றே பேர் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. "இல்ல மேடம். அது எங்க மாமனார்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சாப்பிட உட்கார்ந்ததும் இலையை உற்றுப் பார்த்து, "நுனி கரெக்டா?" என்று என்னையே கேட்டார். பிரதமன் மூன்று முறை வாங்கிக் குடித்தார். பயிற்சி இங்கேயே நடக்கட்டும் என்று அன்று மாலையே சொல்லிவிட்டுப் போனார். மல்லிகாவும் தேறிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கோமதி ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "அடுத்த தடவ பஃபே."

இன்று வரை வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இலை போட்டு உட்கார்ந்தால் போதும், பேத்தி என் இடது கையைத் தூக்கிக் காட்டி, "தாத்தா, இது யாரோட கை?" என்று கேட்பாள். நான் "யாரோடதோ" என்று சொல்லும்வரை யாரும் சாப்பிடத் தொடங்க மாட்டார்கள். பலசரக்குப் பணம் கேட்டு என் காதில் விழவில்லை என்றால், என் மனைவி, "நான் அவருக்கு இடப்பக்கம் நின்னுட்டேன் போல" என்கிறாள்.

அதெல்லாம் போகட்டும். எனக்கு ஆறாத விஷயம் வேறு. இப்போது ஒவ்வொரு வருஷப் பயிற்சியிலும் 'மருந்துக்கு முன்பே குணமான நோயாளி' என்று ஒரு பாடம் இருக்கிறது. காய்ச்சல்கார நாடகக்காரர்தான் நடிக்கிறார். பார்த்தேன். எழுந்து ஓடுகிறார், சரி. ஆனால் எதற்காக ஓடுகிறோம் என்ற ஒரு தவிப்பு முகத்தில் வேண்டாமா? அவருக்கு உள்ளே பேண்ட்டும் கொடுத்திருக்கிறார்கள். அச்சிட்ட பாடப் புத்தகத்தில் அந்தப் பாடத்துக்குக் கீழே, ஆலோசனை என்று ஏலியாம்மா மேடம் பெயர், தயாரிப்பு என்று கோமதி பெயர். நோயாளி என்ற இடத்தில் 'ஒரு முதியவர்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

ஒரு முதியவராம்! பள்ளத்தை மேடாக்கியவன், படியை வெளியே கட்டியவன், இப்போது டாக்டர்களுக்குப் பாடமும் கட்டிக் கொடுத்தவன். அடுத்த பதிப்பில் என் முழுப் பெயரையும் போட வேண்டும். சமையல்கூடம் எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. படம் போடுவதாக இருந்தால் இடது கை நன்றாகத் தெரியட்டும். மணிக்கட்டில் தழும்பு இருக்கும். அந்தக் கை என்னுடையது.