பலாமரப் பிடி போட்ட கத்தி

இந்த வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு பொருளாவது இருந்தே தீரவேண்டும் என்று முடிவு கட்டினேன்.

கல்யாணமான நாளிலிருந்து என் பொருள்களுக்கெல்லாம் ஒரே கதிதான். ஆசையாக வாங்கிய டார்ச் லைட் அரிசி டிரம்முக்குள் வண்டு தேடுகிறது. ஸ்குரூ டிரைவர் ஊறுகாய் பாட்டில் மூடியை நெம்புகிறது. பூப்போட்ட துண்டு சுடுசட்டியை இறக்குகிறது. கடைசியில் எல்லாமே பரிமளாவின் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்போதுதான் துபாயிலிருந்து வந்த மச்சினன் நிலவழகன், தான் வைத்திருந்த மடக்குக் கத்தியை எனக்குக் கொடுத்தான். நல்ல எஃகு. ஆனால் அலகெல்லாம் கறை, பிடியோ பிளாஸ்டிக். பலாவுக்குப் பேர்போன ஆலங்குடிக்காரன் கையில் பிளாஸ்டிக் பிடியா? பலாமரத்தில் புதுப் பிடி போட்டு, தேய்த்து மினுக்கிவிட்டால், அதைக் கொண்டுபோய்க் கத்தரிக்காய் நறுக்க யாருக்கு மனசு வரும்? இதுதான் என் ராஜதந்திரம்.

மரவாடியில் ஒரு பலாத்துண்டு கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கத்தியைக் கழற்றினேன். கடுகு அளவில் திருகாணிகள். அதில் ஒன்று துள்ளி, பக்கத்தில் பரிமளா கலக்கிக்கொண்டிருந்த தோசை மாவுக்குள் குதித்தது.

"என்னங்க, மாவுக்குள்ள கைய விட்டுத் தேடுறீங்க?"

"திருகாணி."

"கெடச்சுதா?"

"இல்ல."

"அப்ப இன்னிக்கு மொத்தத் தோசையும் ஒங்களுக்குத்தான்."

நாலாவது தோசையில் கிடைத்தது. பல் தப்பியது பெரிய விஷயம்.

மறுநாள் அலகின் கறைக்குப் புளி போட்டுத் தேய்த்தேன்.

"ரசத்துக்கு ஊறப்போட்ட புளி எங்கங்க?"

"கத்திக்குப் போட்டுட்டேன்."

"சரி, சோத்துக்குக் கத்தியையே ஊத்திக்கங்க."

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? பலாத்துண்டைப் பிடியாகச் செதுக்கிப் பொருத்தி, உப்புத்தாளை வைத்துத் தேய்த்தேன். விரல் ரேகை அழிந்து, ரேஷன் கடை மெஷின் என்னை யாரோ என்று சொல்லும் அளவுக்குத் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் காட்டியதும், பலாமரம் பொன்னாக மின்னியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அலுவலகத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்து என்னத்தைக் கண்டேன்? இதல்லவா வேலை!

பரிமளாவும் வாங்கிப் பார்த்தாள். மடக்கினாள். விரித்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. டார்ச் லைட்டையும் இதே குரலில்தான் பாராட்டினாள்.

"பரிமளா, இதை நீ தொடக்கூடாது. எங்க கருப்பர் மேல சத்தியம் பண்ணு."

"கருப்பரா! ஒரு கத்திக்கா?"

"பண்ணு."

குலதெய்வம் கருப்பர் பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் விளையாட மாட்டார்கள். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, நான் கேட்டதற்கு மேலேயே கொடுத்தாள்.

"ஒங்க கையத் தவிர இந்த வீட்டுல வேற ஒரு கையும் அதுல படாது. கருப்பர் சத்தியம். போதுமா?"

வென்றுவிட்டேன்! அன்றைக்கு அலுவலகம் போக ஏறிய புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூட உறைக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தால், வீடு நிறைய ஆட்கள். கீரனூரிலிருந்து மாமனார், மாமியார், சின்னம்மா பெரியம்மா வகையறா. நடுக்கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பலாப்பழம்.

"வாங்க மாப்ளே, ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார் மாமியார்.

"எனக்காகவா? அறுத்துச் சாப்பிடலாமே அத்தை."

"எதை வச்சுங்க அறுக்கிறது?" பரிமளா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தங்கச்சி வைஷ்ணவி தனிக்குடித்தனம் போறால்ல? காலையில அருவாமனையையும் ரெண்டு கத்தியையும் அவகிட்ட கொடுத்துட்டேன். நம்ம வீட்டுலதான் உசத்தியான கத்தி இருக்கே!"

"அப்ப... சரி, எடுத்துக்க."

"ஐயையோ! கருப்பர் சத்தியங்க!"

கூடமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கைலியை மடித்துக் கட்டி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். விரல் நீளக் கத்தி, ஆளுயரப் பழம். பொன்னான பிடியெல்லாம் பலாப்பால் அப்பிக்கொண்டது. சுளை எடுக்க எடுக்க, தட்டுகள் இங்கிட்டும் அங்கிட்டும் நீண்டன. அது முடிந்ததும் வெங்காயம் வந்தது. பிறகு முருங்கைக்காய்.

"எங்க மாப்ள கையில வெங்காயம் எப்படி விழுது பாருங்க!" என்று மாமனார் பூரித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது. கத்தி அப்படி வெட்டியது.

எல்லோரையும் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, பரிமளாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அந்தச் சத்தியத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அதுக்குக் கருப்பருக்குக் கெடா வெட்டணுங்க."

"வெட்டிருவோம்."

"நம்ம வீட்டுல இருக்கிறது அந்த ஒரு கத்திதான். எப்பங்க வெட்டி முடிப்பீங்க?"

சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோற்றாலும் கத்தி என்னுடையதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, பலாப்பாலைத் துடைத்து, அதை எங்கே வைப்பது என்று கேட்டேன்.

அடுப்படிச் சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தாள், சரியாக என் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில்.