முழங்கைக்குக் கீழே ஒரு கால்

ஒரே ஒரு கால். அதுவும் தரையைத் தொடாமலே போன கால். அது யாரை மிதித்துவிட்டதாம்?

வாய்விட்டுக் கேட்கவில்லை அவள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில் நான்கு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் கோப்பு எதிரே கண்காணிப்பாளர் மேஜையில் கிடந்தது. அதன்மேல் இந்த மாதத்துப் புகார்ப் பட்டியல்.

"புகார் ஒண்ணு. ரத்தம் எடுக்குறவங்க கையில பச்சை குத்தியிருக்கு," என்று வாசித்த கண்காணிப்பாளர் அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவள் கையைப் பார்த்தார். "என்னம்மா இது, கிட்னியா?"

"கால் மேடம்."

"கையில எதுக்கும்மா கால்?"

இரண்டே நாள் உயிரோடிருந்த மகனுடைய பாதம். காகிதத்தில் மையொற்றித் தந்திருந்தார்கள். அளவு மாறாமல் இடது முன்கையில் குத்திக்கொண்டாள். சொன்னால் இந்த அம்மா "ஐயோ பாவம்" என்பார். அதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

"மறைச்சுடறேன் மேடம்."

மறுநாள் அகலமான பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் வந்த பெரியவர் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, உன் கையிலயே குத்திப் பழகிட்டிருக்கியா? நான் அந்தப் பக்கம் போறேன்."

அவர் போனார். அவருக்குப் பின்னால் வரிசையும் போனது. புகார் இரண்டு.

முழுக்கைச் சட்டை போட்டு வந்தாள். தொற்றுத்தடுப்பு நர்ஸ் வாசலிலேயே மறித்தாள்.

"முழங்கைக்குக் கீழ துணி கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுக்குறேன். நீங்களே இப்படி வந்தா எப்படிக்கா? எழுதிட்டேன்."

புகார் மூன்று.

அடுத்து, முகத்துக்குப் பூசும் தோல் நிறக் கிரீமைக் கையில் அப்பினாள். ஆளுக்கு ஆள் கை கழுவ வேண்டிய வேலை. ஏழாவது ஆளுக்குள் குதிகால் வெளியே வந்தது. பிறகு இரண்டு விரல்கள். இரேன்டா கண்ணா, கொஞ்ச நேரம் இரு என்று மனசுக்குள் கெஞ்சினாள். கழுவக் கழுவ அவன் எட்டிப் பார்த்தான்.

மிச்சக் கிரீம், வெள்ளைச் சட்டை போட்டு வந்த ஒருவரின் தோளில் ஒட்டியது.

"ஐயய்யோ, இவங்களுக்குத் தோல் உரியுதுங்க!"

அறையே காலி. புகார் நான்கு.

"எனக்கு உன்மேல கோவமில்லம்மா," என்றார் கண்காணிப்பாளர். "புகாரை முடிக்காம உன் கோப்பை மேல அனுப்ப முடியாது. நம்ம தோல் பிரிவுலயே லேசர் இருக்கு. ஆறே தடவை, அழிஞ்சிடும். இதுல கையெழுத்துப் போடு."

மகன் முதல் முறை போவதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். இப்போது ஆறு தடவை. அவள் பேனாவைத் திறந்தாள்.

"முதல் புகாரோட நம்பர் வேணுமே," என்று கண்காணிப்பாளர் பதிவறை எழுத்தரைக் கூப்பிட்டார். அவர் தாளோடு வந்து நின்றார்.

"நம்பர் நாற்பத்தொண்ணு மேடம். விவரமும் படிக்கட்டா?"

"படிங்க."

"'ஊசின்னாலே ஊரைக் கூட்டுற என் பொண்ணு, அந்த அக்கா கையில இருந்த குட்டிக் கால்ல விரலை எண்ணிக்கிட்டே சத்தமில்லாம ரத்தம் குடுத்துட்டா. ரொம்ப நன்றி.'"

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். "யோவ், இது எப்படிய்யா புகார்?"

"நான் என்ன மேடம் பண்றது? நம்ம பெட்டியில புகார்த் தாள் மட்டும்தானே வச்சிருக்கோம். நன்றி சொல்றதுக்கு நாம தாளே அடிக்கலியே."

பிறகு கண்காணிப்பாளர் லேசர் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

"அட, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? இனிமே குழந்தைங்க எல்லாம் உன் வரிசைதான். எங்க, கையை நீட்டு. ஒரு போட்டோ எடுத்துப் பெருசா வாசல்ல மாட்டிடுவோம்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். வலது உள்ளங்கையை எடுத்து அந்தக் காலின்மேல் பொத்தினாள்.

"குழந்தைங்களை அனுப்புங்க மேடம்," என்றாள். "போட்டோ வேண்டாம்."