குப்பை வண்டிக் குயில்

ஆஸ்திரேலியா போயே தீருவது என்று ஜின்ஃபா முடிவு செய்தபோது அவர் கையில் ஒரு ஸ்பேனரும் வாயில் பாதி மென்ற பாக்கும் இருந்தன. ஸ்பேனரைக் கீழே போட்டார். பாக்கை விழுங்கிவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

சேதி கொண்டுவந்தவர் லோ என்ற எங்கள் வார்டு தலைவி. பிரேக் சரியில்லை என்று ஸ்கூட்டரை ஜின்ஃபாவின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தவர், போகிறபோக்கில் சொல்லிவிட்டார்.

"நம்ம டவுனும் ஆஸ்திரேலியாவுல ஒரு டவுனும் சிநேகமாகுதாம். வார்டுக்கு ஒரு ஆளை அனுப்புறாங்க. பிளேன், சாப்பாடு, தங்கறது எல்லாம் அவங்க பாடு."

"தலைவியம்மா, நெசமாவா? அந்த ஒரு ஆளு யாரு?"

"போட்டி வச்சுப் பொறுக்கப் போறோம். அங்க மேடையேறி, நம்ம வார்டு இனிமே என்னென்ன செய்யும்னு இங்கிலீஷ்ல பேசணும். எல்லாத்துலயும் 'வில்' வரணும். அடுத்த மாசம் நிலா விழாவுக்குத் தெருவுல கறி சுடுவோம்ல, அன்னைக்குப் போட்டி."

"எனக்கு இங்கிலீஷ்ல ஓக்கேதான் தெரியும்."

"அதுக்குத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கேன். இன்னையிலேர்ந்து குப்பை வண்டி வந்தாச்சுன்னு போடுற பியானோ பாட்டு கிடையாது. இங்கிலீஷ் பாடம் ஓடும். குப்பையைக் கொண்டுவந்தோமா, நாலு வாக்கியம் கத்துக்கிட்டோமான்னு போகவேண்டியதுதான்."

குப்பை வண்டி! ஜின்ஃபாவுக்கும் அதற்கும் முகப்பழக்கம்கூட இல்லை. குப்பையைத் தரையில் வைக்கக் கூடாது, வண்டி வரும்போது கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். அதை ஜின்ஃபா கொண்டுபோகக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். வண்டி வரும் நேரத்தில்தான் டிவியில் பேஸ்பால் சூடுபிடிக்கும். வெளியே பாட்டுக் கேட்டதும் மனைவி யூலிங் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஜின்ஃபா காலைக்கூட மடக்காமல் அவளுக்கு வழிவிடுவார்.

உள்ளே ஓடினார். யூலிங் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள்.

"யூலிங்! நான் ஆஸ்திரேலியா போறேன்!"

"மீனை இப்பவே பொரிச்சிடவா, வந்தப்புறம் சாப்பிடுறீங்களா?"

"விளையாடாதே! பிளேன்ல போறேன். இங்கிலீஷ்ல பேசப்போறேன். சாயங்காலம் குப்பையை நான்தான் கொண்டுபோவேன். என்னைத் தடுக்காதே!"

"நான் எங்கங்க தடுத்தேன்?" என்றாள் யூலிங். மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்கும் உப்புத் தடவினாள்.

சாயங்காலம் மஞ்சள் வண்டி தெருமுனையில் திரும்பியது. ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு ஒரு பெண் குரல்.

"ஐ வில் டேக் அவுட் தி டிராஷ்."

ஜின்ஃபா அசந்துபோனார். என்ன குரல்! குப்பை வண்டிக்குள் குயிலைப் பிடித்து வைத்தது யார்? பின்னாலேயே வார்டு தலைவியின் கட்டைக்குரல் நம் மொழியில் அர்த்தம் சொன்னது: "நான் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவேன்." பிறகு குயில் மறுபடி வந்தது. "ஐ வில் வாஷ் தி டிஷஸ்." நான் பாத்திரம் கழுவுவேன்.

மூன்றாவது வாக்கியத்துக்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஜின்ஃபா விடுவாரா? பின்னாலேயே ஓடினார். அடுத்த தெருவில் பிடித்தார். ஆனால் வெறுங்கை. குப்பை இல்லாமல் குப்பை வண்டியைத் துரத்துகிறவரை ஊர் என்ன நினைக்கும்?

மறுநாள் எதிர்வீட்டு பாவ்சூ அக்காவே வழி சொன்னார்.

"தம்பி, எங்க வீட்டுப் பையையும் எடுத்துக்கோ. அடுத்த தெருவுல போடு. கேட்டா குப்பை போட வந்தேன்னு சொல்லு."

"அக்கா, நீங்க தெய்வம்!"

"இந்தப் பழைய பேப்பரையும் எடுத்துக்கோ. அதுக்கு அடுத்த தெருவுக்கு ஆகும்."

ஒரு வாரத்தில் தெருவே ஜின்ஃபாவின் படிப்புக்கு உதவியது. டீக்கடை ஆகாய் தேயிலைச் சக்கையைக் கொடுத்தார். மாடிவீட்டு அம்மா சோற்று மிச்ச வாளியைக் கொடுத்தார். இரண்டு தோளிலும் பை, கையில் வாளியோடு ஜின்ஃபா தெருத்தெருவாக ஓடினார். ஓடும்போதே கத்தினார். "ஐ வில் நாட் ஷௌட்!"

வீட்டில் பெருமை தாங்கவில்லை.

"அந்தப் பொண்ணு குரலைக் கேட்டியா யூலிங்? ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே மனசுல உக்காருது. ஒரு வெடுக்குனு பேச்சு உண்டா? ஒரு முணுமுணுப்பு உண்டா? பொம்பளைன்னா அப்படிப் பேசணும்."

"நல்லாப் பேசுதா?"

"தேன்! வெளிநாட்டுல படிச்ச பொண்ணா இருக்கும். நீயும்தான் தினம் காலைல சமுதாயக் கூடத்துக்கு வகுப்பு, வகுப்புன்னு போறியே. அங்க போய் விசிறி ஆட்டுற நேரத்துக்கு இப்படி நாலு வார்த்தை படிக்கலாம்ல?"

யூலிங்கின் வகுப்பு விசிறி நடனம் என்று அவரே முடிவு செய்துகொண்டிருந்தார். கேட்டதில்லை.

"எனக்கு எங்கங்க வரும்?" என்றாள்.

"நான் சொல்லித்தரேன். சொல்லு, ஐ வில்."

"ஐ... வீல்."

"வீல் இல்ல. அது நம்ம பட்டறையில கெடக்குறது. நாக்கை மடக்கு. வில்!"

"ஐ வெல்."

"ஐயையோ! உன்னைக் கூட்டிட்டு நான் எங்க போக? சரி விடு. எல்லாருக்கும் வந்துடுமா என்ன?" ஜின்ஃபாவுக்கு மனைவிமேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. "நான் போயிட்டு வரும்போது உனக்கு ஒரு கோலா பொம்மை வாங்கிட்டு வரேன்."

"ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு. ஆனா பாவ்சூ அக்கா ஒண்ணு சொன்னாங்க. வாயால மட்டும் சொன்னா பாடம் நிக்காதாம். அந்தக் காரியத்தைச் செஞ்சுகிட்டே சொன்னாத்தான் நிக்குமாம். எனக்கென்ன தெரியும்? சொன்னாங்க."

ஜின்ஃபா யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. "ஐ வில் வாஷ் தி டிஷஸ்" என்று சொல்லிக்கொண்டே அன்றைய பாத்திரங்களைக் கழுவினார். வாக்கியம் ஒட்டிக்கொண்டது! மறுநாள் "ஐ வில் ஃபோல்டு தி குளோத்ஸ்" என்று துணி மடித்தார். அதுவும் ஒட்டிக்கொண்டது! சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக் கொடித் துணியையும் மடித்துக் கொடுத்தார். யூலிங் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு பேஸ்பால் பார்த்தாள்.

"எவ்ளோ நேரமா ஆடுறாங்க இவங்க? எனக்கு இந்த ஆட்டம் பாதிதான் தெரியும்ங்க. குப்பை வண்டி வந்தப்புறம் என்னாகும்னு பார்த்ததே இல்ல."

ஜின்ஃபாவின் காதில் அது விழவில்லை. அவர் மனம் ஆஸ்திரேலியாவில் இருந்தது. இரவுச் சந்தையில் கங்காரு படம் போட்ட அகலத் தொப்பிகூட வாங்கிவிட்டார். சற்றுச் சின்னது. வேறு இல்லை என்றான் கடைக்காரன். தலையை அமுக்கிப் போட்டுக்கொண்டார்.

நிலா விழா வந்தது. தெரு முழுக்கக் கரி அடுப்புகள். கறி வாசனையும் புகையும் சேர்ந்து நிலாவையே மறைத்தன. குழந்தைகள் பம்பளிமாஸ் தோலைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு ஓடின. நடுவில் மேடை, மைக். யூலிங் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கரிக்கு விசிறினாள்.

முதலில் டீக்கடை ஆகாய் ஏறினார். "ஐ வில்..." என்றார். வியர்த்தார். "ஐ வில்..." என்றார். "ஐ வில் சிட் டவுன்" என்று இறங்கிவிட்டார். அடுத்து வந்த இருவர் மைக்கைப் பார்த்ததுமே கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஜின்ஃபா ஏறினார். தொப்பி நெற்றியை இறுக்கியது. கண்ணை மூடிக்கொண்டார். குயில் காதுக்குள் பாடியது. வாயைத் திறந்தார்.

"ஐ வில் டேக் அவுட் தி டிராஷ்! ஐ வில் வாஷ் தி டிஷஸ்! ஐ வில் நாட் ஷௌட்! ஐ வில் லிசன் டு மை வைஃப்!"

பெண்கள் பக்கம் விசில் பறந்தது. பாவ்சூ அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஒன்ஸ் மோர்" என்று யாரோ கத்தினார்கள். ஜின்ஃபா ஒன்ஸ் மோர் சொன்னார். தன் உச்சரிப்புக்கு இத்தனை மரியாதையா என்று நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். கீழே இறங்கி வந்தபோது அவர் கால் தரையில் படவில்லை. பாதி ஆஸ்திரேலியா போய்விட்டிருந்தார்.

"இன்னும் ஒருத்தர் இருக்காங்க" என்றார் வார்டு தலைவி.

ஜின்ஃபா திரும்பவில்லை. தட்டில் கறியைப் போட்டுக்கொண்டிருந்தார். மைக் கரகரத்தது.

"குட் ஈவினிங். வீ வில் பிளான்ட் எ தௌசண்ட் ட்ரீஸ்."

"ஐயோ, வண்டி!" என்று பாவ்சூ அக்கா எழுந்து வீட்டுக்கு ஓடினார். ஆகாய் தேயிலை வாளியைத் தேடினார். நாலு வீட்டுக் கதவு திறந்தது. ஜின்ஃபாவின் கை, அவரைக் கேட்காமலே, மேஜைக்கு அடியில் இருந்த கறி எலும்பும் பழத்தோலும் நிரம்பிய குப்பைப் பையைத் தூக்கிவிட்டது. கால்கள் தெருமுனையை நோக்கி ஓடின. முனைக்குப் போய் நின்று பார்த்தார்.

வண்டி இல்லை.

குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து, மேடையிலிருந்து. பையோடு திரும்பினார். ஏப்ரன் கட்டிய யூலிங் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். மரம் நடுவோம், ஆற்றைச் சுத்தம் செய்வோம், உங்களையும் எங்கள் நிலா விழாவுக்கு அழைப்போம் என்று தங்குதடையில்லாமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். தெரு எழுந்து நின்று கைதட்டியது.

"நீயா?" என்றார் ஜின்ஃபா, அவள் இறங்கியதும்.

"நான்தாங்க."

"வண்டியில பேசுறது நீயா?"

"வகுப்புல நல்லாப் பேசுறேன்னு தலைவியம்மா பதிவு பண்ணச் சொன்னாங்க."

"அது விசிறி வகுப்பு இல்லியா?"

"இங்கிலீஷ் வகுப்பு. நீங்க கேக்கவே இல்ல."

"நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"தினம் சாயங்காலம் தெருமுனையில ஒலிபெருக்கி வச்சுச் சொன்னேனே!"

ஜின்ஃபாவுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் கேட்ட குரலை, ஒரு மாதம் தெருத்தெருவாகத் துரத்தியும் அடையாளம் தெரியவில்லையே! தேன் என்று வேறு சொல்லித் தொலைத்தோமே! வெட்கத்தை மறைக்கக் கோபத்தை வரவழைத்தார்.

"சரி, அந்த டிராஷ், டிஷஸ், வைஃப்! அதெல்லாம் யாரு எழுதினது?"

"எல்லாம் உங்க வீட்டம்மாவே யோசிச்சது" என்றார் வார்டு தலைவி. "நான் அர்த்தம் மட்டும்தான் சொன்னேன்."

ஜின்ஃபா கத்துவதற்கு வாயை அகலமாகத் திறந்தார்.

"ஐ வில் நாட் ஷௌட்!" என்றது தெரு மொத்தமும்.

வாயை மூடிக்கொண்டார். அவருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வார்டின் குப்பைத் தொண்டர் என்று முதுகில் எழுதிய ஆரஞ்சு நிறச் சட்டை. அது அளவு கச்சிதமாக இருந்தது.

யூலிங் கிளம்பும் நாளில் அவர்தான் பெட்டியைத் தூக்கினார். அவள் ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் இறுக்குது. எனக்குச் சரியா இருக்குங்க."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் ஜின்ஃபா. நிஜமாகவே நன்றாக இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"வரும்போது ஒரு கோலா பொம்மை வாங்கிட்டு வரேன்" என்றாள் யூலிங்.

அன்று சாயங்காலம் ஜின்ஃபா சோபாவில் சாய்ந்தார். வீடு அமைதி. அவள் கடலுக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருக்கிறாள். கேட்க ஆளில்லை. பேஸ்பாலைப் போட்டார். காலை நீட்டினார். ஆட்டம் சூடுபிடித்தது. கடைசி ஆள் மட்டையைத் தூக்கினான்.

தெருமுனையில் கரகரவென்று சத்தம் கேட்டது.

"குட் ஈவினிங். திஸ் மன்த், நியூ லெசன். ஐ வில் குக் மை ஓன் டின்னர்."

ஜின்ஃபா எழுந்தார். ஆரஞ்சுச் சட்டையை மாட்டினார். வெளியே பாவ்சூ அக்காவும் ஆகாயும் மாடிவீட்டு அம்மாவும் ஆளுக்கொரு பையோடு வரிசையாகக் காத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அண்ணே, பாடம்!" என்றார் ஆகாய்.

"ஐ வில் குக் மை ஓன் டின்னர்" என்றார் ஜின்ஃபா.

"சத்தமா!" என்றார் பாவ்சூ அக்கா.

அடுத்த தெருவில் இன்னும் சத்தமாகவே சொன்னார்.