ஆத்தாளுக்குச் சிவப்பு மட்டும்தான் பிடிக்கும்

ராசிபுரம் சாலையோரம் பூவாக்கு அம்மன் எழுந்தருளியதிலிருந்து அக்கம்பக்கத்து மக்களுக்கு மூளையைப் பயன்படுத்தும் சிரமம் அடியோடு நீங்கிவிட்டது. போர் போடும் ரிக் லாரி வாங்கலாமா? பூக் கேள். தறியை விற்கலாமா? பூக் கேள். எடப்பாடியிலிருந்து வேன் பிடித்து வந்து, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது என்றுகூடக் கேட்டார்கள். வாசலில் இருந்த ஃப்ளெக்ஸ் பலகையில் அம்மன் சிறியதாகவும் பூசாரி தீர்த்தகிரி பெரியதாகவும் இருந்தார்கள். தீர்த்தகிரி முன்பு வீட்டுமனை விற்றவர். ஏரிக்குள் மனை காட்டிய அனுபவம் இங்கே நன்றாகவே கைகொடுத்தது.

பூக் கேட்பது பழைய வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் தடை. தீர்த்தகிரி தன் பங்குக்கு ஒரே ஒரு சட்டம் சேர்த்திருந்தார். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அது நேராகப் பித்தளை அண்டாவுக்குள் போய்விடும். பிரித்தால் பிரித்தவர் உயிருக்கு ஆபத்து. சிவப்பு வந்தவர்களை அவர் கைவிட்டாரா என்ன? பரிகாரப் பூஜை இருந்தது. தடை நீங்கும்வரை வெள்ளிதோறும் வரலாம். தடை நீங்கிவிட்டதா என்பதையும் பூதான் சொல்லும்.

அந்த வரிசையில் அடிவயிற்றைப் பிடித்தபடி பாவாயி நின்றாள். கர்ப்பப்பையில் கட்டி, தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும் என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கணவன் அப்புசாமி அங்கே தலையாட்டிவிட்டு, ஊருக்கு வந்ததும் மனம் மாறிவிட்டான். வயிறு பாவாயியுடையது, பூக் கேட்கும் முடிவு அப்புசாமியுடையது.

பாவாயி விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். ஆத்தா நல்லதுதான் சொல்வாள் என்று நம்பித்தான் வந்தாள். முன்னால் நின்ற சென்னம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையைக் கீழே போட்டாள்.

"இதும்மேல உக்காரு அம்மிணி. உள்ள துணிதான், ஒண்ணும் ஆகாது. எம் புள்ளய நர்சு படிப்புக்கு அனுப்பலாமான்னு கேக்க வந்தேன்."

உட்கார்ந்தபின் பாவாயிக்கு வேடிக்கை பார்க்க நேரம் கிடைத்தது. வெளியே வருகிற ஆண்களின் காதில் சிவப்பு. பெண்களின் கொண்டையில் சிவப்பு.

"ஏனுங்க, இத்தன நேரமா ஒருத்தருக்குமே வெள்ள வரலீங்களே?"

"ஊரே பாவம் பண்ணியிருக்குதாட்ட இருக்குது. சும்மா இரு" என்றான் அப்புசாமி.

சென்னம்மாளுக்கும் சிவப்புதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அடுத்துப் பாவாயி கும்பிட்டு எடுத்தாள். சிவப்பு.

"ஆப்பரேசனுக்கு உத்தரவு இல்ல. கத்தி பட்டா உசுரு தங்காது. பரிகாரம் பண்ணுங்க, கட்டி தானாக் கரையும்" என்றார் தீர்த்தகிரி. அப்புசாமியின் கை சட்டைப்பைக்குள் போனது.

பாவாயி நகரவில்லை. "சாமி, அந்த இன்னொரு பொட்டணத்தக் குடுங்க."

"எதுக்கு?"

"அதுல வெள்ளப் பூத்தானுங்க இருக்கும்? இந்த அக்காகிட்டக் குடுக்கறேன். பாவம், அழுதுட்டு நிக்கறாங்க. ஆத்தா காலடியில இருந்த பூவு, மனசுக்குத் தெம்பா இருக்கும்."

"பிரிச்சா உசுரு போயிரும்!"

"ஆப்பரேசன் பண்ணாட்டி டாக்டரு போயிரும்ங்கறாரு. பண்ணுனா நீங்க போயிரும்ங்கறீங்க. போற உசுருதானுங்க சாமி, இதப் பிரிச்சும் பாத்தர்றேன்."

அவர் கையை நீட்டுவதற்குள் பொட்டலம் பிரிந்துவிட்டது.

சிவப்பு.

தீர்த்தகிரி சுதாரித்துக்கொண்டார். "பாத்தீங்களா சக்திய! கண்ணு முன்னாலயே ஆத்தா நெறத்த மாத்திட்டா!"

கன்னத்தில் போட்டுக்கொள்ள நாலைந்து கைகள் உயர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குள் சென்னம்மாள் அண்டாவைக் கவிழ்த்துவிட்டாள். பிரித்த பொட்டலமெல்லாம் சிவப்பு. பாவாயி திரைக்குப் பின்னால் இருந்த பூக்கூடையை இழுத்து வைத்தாள். அதில் மருந்துக்குக்கூட ஒரு வெள்ளைப் பூ இல்லை.

"ஆத்தா கூடைக்குள்ளயும் பூந்து மாத்துனாளுங்களா, இல்ல நீங்க வெள்ளப் பூவே வாங்கறதில்லீங்களா?"

காதில் இருந்த பூவை ஒருவர் பிய்த்து எறிந்தார். பிறகு எல்லோரும் எறிந்தார்கள். தடையில்லாமல் நடமாடுவது எப்படி என்று தீர்த்தகிரி பின்வாசல் வழியாகச் செய்துகாட்டினார்.

சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் பாவாயி. பக்கத்து இருக்கையில் சென்னம்மாள். ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு பொம்பளை வேண்டாமா என்று அவளாகவே ஏறிவிட்டாள். முன் இருக்கையிலிருந்து அப்புசாமி மெல்லத் திரும்பினான்.

"ஏம் பாவாயி, அந்தாளு நேர்மையாப் பொட்டணம் மடிச்சு, நெசமாலுமே சிவப்பு வந்திருந்தா?"

"அப்பவும் இந்த பஸ்ஸுலதானுங்க ஏறியிருப்பேன். ஆத்தாகிட்டத் தெம்பக் கேக்கலாம். கட்டியப் பத்தி டாக்டரத்தானுங்க கேக்கோணும்."

அப்புசாமி முன்னால் திரும்பி மூன்று டிக்கெட் வாங்கினான்.

சாலையோரம் எறிந்த பூக்கள் வெயிலில் வாடிக்கொண்டிருந்தன. திருச்செங்கோடு பக்கம் எலுமிச்சம்பழம் வாக்குச் சொல்கிறதாம். எடப்பாடி வேன் இப்போது அங்கே போகிறது. போகட்டும். கேள்வியோடு போகிற மகராசர்களே, ஆத்தா கொடுத்த தலையையும் கூடவே எடுத்துப் போங்கள். அது காதில் பூச் சொருகிக்கொள்ள மட்டும் கொடுத்ததில்லை.