அட்வான்ஸ் காத்த ஆணி ஓனர்

கடன் வாங்கிவிட்டு ஓடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொடுத்துவிட்டுத் துரத்துகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். ஆனால், ஊரார் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஓடவும் ஓடாமல், ஒளியவும் ஒளியாமல், தன் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற ஓர் இனம் உண்டு. அதுதான் வாடகை அட்வான்ஸ் வாங்கிய வீட்டு ஓனர். அப்படி ஒருவரைத் தெரியவே தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்று, நீங்கள் இன்னும் அப்பா வீட்டிலேயே இருக்கிறீர்கள். இல்லையென்றால் பொய் சொல்கிறீர்கள்.

அட்வான்ஸ் என்றால் என்ன? குடிவருகிறவர் நம்பிக் கொடுத்துவைக்கிற பணம். காலி செய்கிற அன்று கையோடு வாங்கிக்கொண்டு போக வேண்டிய பணம். இடையில் ஓனருக்கு அதில் உள்ள வேலை காவல் காப்பது மட்டுமே. இந்த விஷயம் அவருக்கும் நன்றாகவே தெரியும், பணம் கைக்கு வருகிற வரைக்கும். வந்த மறுநாளே அது அவர் உழைத்துச் சம்பாதித்ததாகிவிடும். அதற்கடுத்த நாள் அது இருக்காது.

நம் ஆணி ஓனரையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும், முதுகுக்குப் பின்னால். மாடி வீட்டுக்குக் குடிவர யார் வந்தாலும், என்ன வேலை, எத்தனை பேர் என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால், "ஆணி அடிப்பீங்களா?" என்றுதான் கேட்பார். அவர் வீட்டில் காலண்டர்கூட நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கும். மற்றபடி நல்ல மனிதர். தண்ணீர் வராவிட்டால் தானே மோட்டார் போடுவார். அடுத்தவர் வீட்டு அநியாயம் என்றால் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

அந்த மாடியில் முதல்முதலாகக் குடியிருந்தவர் ஒரு தையல்காரர். அவர் கொடுத்த அட்வான்ஸ், இரண்டு சிங்க முகம் வைத்த வாசல் கேட்டாக மாறிவிட்டது. தையல்காரர் காலி செய்தபோது அடுத்து வந்த வாத்தியார் கொடுத்ததை எடுத்து நீட்டினார். வாத்தியார் போகும்போது நர்ஸம்மா கொடுத்ததை நீட்டினார். போகிறவருக்கு வருகிறவர் பணம்: இதைவிடச் சுலபமான கணக்கு உண்டா? ஒரே ஒரு சிக்கல்தான். இந்தத் தடவை நர்ஸம்மா போகிறார், வருகிறவரைக் காணோம்.

அந்த மாதிரி நேரத்தில் இந்த இனம் என்ன செய்யும் தெரியுமா? பணம் இல்லை என்று மட்டும் சொல்லாது. பட்டப்பகலில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிடும்.

ஆணி ஓனரும் ஏறினார். சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து, மூடி, அது சொட்டுகிறதா என்று குனிந்து காத்திருந்தார். சொட்டவில்லை. ஏமாற்றம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

கீழே சாமான் ஏற்றிய வேன் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. முன்சீட்டில் நர்ஸம்மாவின் அம்மா, வீங்கின முழங்காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முழங்காலுக்காகத்தான் இந்த மாற்றமே; மாடிப்படி அவருக்கு ஆகவில்லை. கீழ்வீடு ஒன்று தேடித் தேடிக் கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"சார், அம்மாவால ரொம்ப நேரம் உக்கார முடியாது. நீங்க குடுத்தீங்கன்னா கிளம்பிடுவோம்" என்றார் நர்ஸம்மா.

"குடுக்காம எங்கம்மா போயிடப் போறேன்? இது என்ன ஓட்டை?"

"அது நான் வர்றப்பவே இருந்தது சார்."

"அப்ப இவ்வளவு பெருசா இல்லையே!"

"ஓட்டை வளருமா சார்?"

"அக்கா, வெயிட்டிங் சார்ஜ் ஏறுது!" என்று வேன் டிரைவர் கீழிருந்து கத்தினார்.

ஓனருக்கு மனசு உண்மையிலேயே புண்பட்டுவிட்டது. இத்தனை நாள் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, கடைசியில் இவ்வளவு அவசரமா? இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பணம் ஒன்றுதான் பெரிசு என்று பெருமூச்சு விட்டு, சமையலறைச் சுவருக்கு டார்ச்சைத் திருப்பினார்.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. போனைக் காதில் வைத்தால் தலை சூடாகும் என்பது அவர் கட்சி. அதனால் எப்போதும் ஸ்பீக்கர்தான். பேசினது அவருடைய மகள்.

"அப்பா, மாப்பிள்ளைக்கு ஆபீஸ் குவார்ட்டர்ஸ் கிடைச்சிடுச்சுன்னு சொன்னேன்ல? இங்க காலி பண்ணி சாமானெல்லாம் லாரியில ஏத்தியாச்சு. ஓனர் அட்வான்ஸைத் தர மாட்டேங்கறார்பா. லாரிக்குக் குடுக்கக்கூடக் காசில்லாம இவர் தெருவுல நிக்கறார்."

கேட்டாரோ இல்லையோ, மனிதர் கொதித்துப் போய்விட்டார். "தர மாட்டேன்னு சொல்ல அவன் யாரு? அவன் பாட்டன் சொத்தா அது? நம்பிக் குடுத்து வெச்ச காசும்மா! தொடாம வெச்சிருந்து, சாவியை வாங்கற கையோட எண்ணி வெக்க வேணாம்? மனுஷனா அவன்?"

நர்ஸம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார்.

"புதுசா வர்றவங்க கொண்டு வந்தாத்தான் எங்களுக்குத் தருவாராம். ஆனா அவங்களுக்கு அவங்க பழைய ஓனர் இன்னும் தரலையாம். சுவர் சுவரா ஓட்டை தேடிட்டிருக்கானாம்பா அந்தக் கிறுக்கன்!"

"யாரு அந்த அயோக்கியன்? அட்ரஸ் சொல்லு. நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நானே போய் நாலு கேள்வி கேக்கறேன்!"

"அட்ரஸ் தெரியலப்பா. வர்றவங்க ஆஸ்பத்திரியில நர்ஸாம். அவங்கம்மாவுக்கு முட்டி வலின்னு கீழ்வீடு பாத்து வர்றாங்களாம்."

டார்ச் அணைந்தது. நர்ஸம்மாதான் போன் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"அக்கா, உங்க வீட்டுப் பின்னாடி ரெண்டு தண்ணித் தொட்டி இருக்குமே, ஒண்ணுக்கு மூடி இருக்காதே?"

"ஆமா. நீங்க யாரு?"

"நான்தான்கா அந்த நர்ஸ்."

"நீங்களா? எங்கப்பாகூட என்ன பண்றீங்க?"

"ஓட்டை தேடிட்டிருக்கோம்கா."

எதிர்முனையிலிருந்து, "அப்பா...?" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு, அவர் கேட்பதாகச் சொன்ன நாலு கேள்வியும் தேவலாம் போலிருந்தது.

இதற்கு மேலாவது அவர் பணத்தை எடுத்து வைத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவர் நெற்றியைத் தடவினார். முகம் பளிச்சென்று ஆயிற்று.

"கவலையே படாதேம்மா, வழி கிடைச்சாச்சு. நீ போய் அந்தக் கீழ்வீட்டு ஓனருக்குக் குடு. அவர் என் பொண்ணுக்குக் குடுப்பார். என் பொண்ணு எனக்குக் குடுப்பா. நான் உனக்குக் குடுத்துடறேன். எல்லாருக்கும் தீந்துது!"

"நான் எதை சார் அவருக்குக் குடுக்கறது?"

"நான் குடுக்கறதைத்தான்!"

நர்ஸம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது. "அது என் நைட் டூட்டி காசு சார். உங்ககிட்ட பத்திரமா இருக்கும்னு நினைச்சேன்" என்றார். ஓனர் டார்ச்சைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். அவருக்கு முதல்தடவையாக வெட்கமாக இருந்தது.

ஸ்பீக்கர் தயவில் எல்லாவற்றையும் கீழே கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி படியேறி வந்தார். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் முந்தானையில் முடிந்திருந்தது. ஓனர் நன்றியோடு கை நீட்டினார். அந்த அம்மாள் அந்தக் கையைத் தாண்டிப் போய் நர்ஸம்மா கையில் வைத்தார்.

"என்கிட்ட குடுத்தா நான் குடுக்க மாட்டேனா?" என்றார் ஓனர்.

"உங்க கையில குடுத்தா கேட்டுக்கு மூணாவது சிங்கம் வந்துடும். சும்மா இருங்க. நீ கிளம்பும்மா, அம்மா காத்துட்டிருக்காங்க."

"பெயிண்டுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கிட்டு..."

"பெயிண்டா? அடிச்சிருந்தாத்தானே கழிக்கறதுக்கு?"

வேன் போயிற்று. முழங்காலை நீட்ட ஒரு கீழ்வீடு கிடைத்தது. பணம் மடமடவென்று கைமாறி, பொழுது சாய்வதற்குள் மகளிடம் போய்ச் சேர்ந்தது. உடனே அவள் போன் செய்தாள்.

"அப்பா, வந்துடுச்சு. குவார்ட்டர்ஸுக்கு அட்வான்ஸ் வேணாமாம். இவ்வளவு காசை வீட்டுல வெச்சுக்கப் பயமா இருக்கு. உங்ககிட்டயே குடுத்து வெக்கலாம்னு மாப்பிள்ளை சொல்றார்."

"தாராளமா குடும்மா! என்னைவிடப் பத்திரமா யாரு வெச்சுக்கப் போறாங்க?" என்றார் ஓனர். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, அத்தனையும் மனசிலிருந்து வந்தது. இந்த இனத்திலேயே பயப்பட வேண்டிய விஷயம் அதுதான். மனைவி பாய்ந்து வந்து போனைப் பிடுங்கி, "வேண்டாம்டி! பாங்கில போடு!" என்று அலறியது அடுத்த தெரு வரைக்கும் கேட்டதாம்.

சிரிக்கிறீர்கள். வாடகைக்கு விட உங்களுக்கு வீடே இல்லை, அந்தத் தைரியம். நல்லது. அப்படியே கொஞ்சம் பின்கட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். ஃபேன் மாட்டுவதற்காகப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஏணி, உங்கள் துணியெல்லாம் காயப்போட்டபடி சாய்ந்து நிற்கும். போன வாரம் அதன் சொந்தக்காரர் வந்து, "சார், ஒரு அரை மணி நேரம் ஏணி கிடைக்குமா?" என்று கேட்டபோது, "பாத்து, உடைச்சிடாதீங்க" என்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா?